இசிஜி வாட்ச்சா, ஓட்டக்காரர் வாட்ச்சா? முதலில் ஒரு டி.எம்.டி.

சென்னையிலிருந்து 46 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், வேலை விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன். இரண்டு வருடமாக ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால் மாத்திரை எடுக்கிறார். அப்பா 54 வயதில் மாரடைப்பில் இறந்துவிட்டார். மாத்திரை ஆரம்பித்த சமயத்திலேயே ஓடவும் ஆரம்பித்து, போன வருடம் ஒரு அரை மாரத்தானை இரண்டரை மணி நேரத்தில் முடித்திருக்கிறார். வரும் ஜனவரியில் முழு மாரத்தான் ஓட ஆசை. கையில் இருந்த பழைய ஃபிட்னஸ் பேண்ட் பழுதாகிவிட்டதால் புது வாட்ச் வாங்க வேண்டும். பட்ஜெட் 35 ஆயிரம்.

வீட்டில் இதை வைத்துத்தான் விவாதம். “மாமாவுக்கு நடந்தது உங்களுக்கும் நடந்துடக் கூடாது, இசிஜி எடுக்கிற ஸ்மார்ட்வாட்ச்சே வாங்குங்க” என்கிறார் மனைவி. ஆப்பிள் வாட்ச் என்று முடிவே செய்துவிட்டாராம். கூட ஓடும் நண்பர்களோ, “அதெல்லாம் ஷோவுக்கு. ஓடறவனுக்கு ஜிபிஎஸ் வாட்ச்தான்” என்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் எதைச் சொன்னாலும் வாங்கி வரத் தயார். ‘எது என் இதயத்துக்குப் பாதுகாப்பு, எது என் ஓட்டத்துக்கு நல்லது?’ என்று கேட்கிறார்.

கேள்விக்கு வருகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் மூன்று விஷயங்கள் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு விளையாட்டு மருத்துவராக என்னால் அவற்றைத் தாண்டிப் போக முடியவில்லை.

மேம்பாலத்தில் வரும் அந்த இறுக்கம்

‘மேம்பாலம் ஏறும்போது மட்டும் நெஞ்சின் நடுவில் லேசாக இறுக்கிப் பிடிக்கும். நின்றால் இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும். காலையில் குடிக்கும் காபியால் வரும் அசிடிட்டி என்று நினைக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

அசிடிட்டியாகவே இருக்கலாம். ஆனால் நெஞ்சின் நடுவில் வருவது, உழைப்பு கூடும்போது வருவது, நின்றால் சில நிமிடங்களில் அடங்குவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் மருத்துவர்கள் முதலில் சந்தேகிப்பது ஆஞ்சைனாவைத்தான். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் எங்கோ சுருக்கம் இருந்தால், ஓய்வில் அது தெரியாது. ஏற்றத்தில் இதயம் கூடுதல் ரத்தம் கேட்கும்போதுதான் பற்றாக்குறை ஏற்பட்டு இறுக்கமாக வெளிப்படும். அசிடிட்டிக்கு மேம்பாலமும் சமதளமும் ஒன்றுதான். உங்களுக்கு ஏற்றத்தில் மட்டும் வருகிறது. அதோடு அப்பாவுக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருக்கிறது, உங்களுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு இதைக் காபியின் தலையில் கட்டிவிட முடியாது.

‘ஆபீஸ் செக்கப்பில் இசிஜி நார்மல்’ என்றும் சொல்லியிருக்கிறீர்கள். படுத்த நிலையில் எடுக்கும் இசிஜி, ஆஞ்சைனா உள்ளவர்களில் பலருக்கு நார்மலாகவே வரும். ஆஸ்பத்திரியில் 12 கோணங்களில் எடுக்கும் இசிஜிக்கே இந்த நிலை. கைக்கடிகாரம் எடுப்பது ஒரே ஒரு கோணம்.

அதனால் இந்த வாரமே ஒரு இதய மருத்துவரைப் பாருங்கள். எக்கோவும் (இதயத்தின் ஸ்கேன்) டி.எம்.டி.யும் (ட்ரெட்மில்லில் நடக்கவிட்டு எடுக்கும் இசிஜி) எழுதுவார். தேவைப்பட்டால், இதய ரத்தக்குழாய்களைப் படம் பிடிக்கும் சிடி ஆஞ்சியோகிராம் வரை போகலாம். டி.எம்.டி.க்கு முன்னால் மெட்டோப்ரோலாலை நிறுத்த வேண்டுமா, எடுத்துக்கொண்டே வர வேண்டுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். முடிவு வரும்வரை ஓட்டம் வேண்டாம். சமதளத்தில் மெதுவாக நடக்கலாம். அதிலும் இறுக்கம் வந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள். இறுக்கம் ஓய்விலேயே வந்தாலோ, நின்ற பிறகும் சில நிமிடங்களில் விடாவிட்டாலோ, கூடவே வியர்வை, மூச்சுத்திணறல், தாடை அல்லது கை வலி இருந்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டியை நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடும் மாத்திரை

லாங் ரன் நாட்களில் மாத்திரையை விட்டுவிடுகிறேன், போட்டால் துடிப்பு 130-க்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது, பேண்ட் காட்டும் ஸோனுக்குள் (பயிற்சிக்கான துடிப்பு எல்லை) வரவே முடிவதில்லை என்கிறீர்கள். இந்தப் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

மெட்டோப்ரோலாலின் வேலையே துடிப்பைக் கட்டிப் போடுவதுதான். 130-க்கு மேல் ஏறாதது மருந்து வேலை செய்வதன் அடையாளம். உங்கள் உடம்பு சோம்பியிருப்பதால் வருவதல்ல. தினமும் எடுப்பவர் திடீரென்று நிறுத்தினால், அதுவரை அடங்கியிருந்த துடிப்பும் அழுத்தமும் சட்டென்று எகிறும். ரத்தக்குழாயில் சுருக்கம் உள்ளவருக்கு அந்தச் சமயத்தில் ஆஞ்சைனா கூடலாம், மாரடைப்புகூட வரலாம். வாரத்திலேயே அதிக தூரம் ஓடும் நாளாகப் பார்த்து மாத்திரையை விடுவது ஆபத்தை நாமே தேடிப் போவது. ஓட்டத்துக்கு இந்த மாத்திரை தடையாக இருக்கிறது என்றால் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். துடிப்பைக் குறைக்காமல் அழுத்தத்தை மட்டும் குறைக்கும் மருந்துகளும் இருக்கின்றன. ஆனால் உங்களுக்கு மெட்டோப்ரோலாலைத் தேர்ந்தெடுக்க வேறு காரணம் இருந்திருக்கலாம். மாற்றுவது அவர் முடிவு.

அந்த ஸோன் எங்கிருந்து வந்தது என்றும் பார்ப்போம். 220-லிருந்து வயதைக் கழித்தால் உங்களுக்கு 174. இதை உச்சத் துடிப்பு என்று எடுத்துக்கொண்டு பேண்ட் சதவீதம் போட்டிருக்கிறது. இது ஒரு பெரிய கூட்டத்தின் சராசரி. ஒரே வயதுள்ள இரண்டு பேருக்குள் 10, 15 துடிப்பு வித்தியாசம் சர்வசாதாரணம். மெட்டோப்ரோலால் எடுப்பவருக்கோ இந்தக் கணக்கு அடியோடு பொருந்தாது. நீங்கள் வாங்கப்போவது ஸ்மார்ட்வாட்ச்சாக இருந்தாலும் ஜிபிஎஸ் வாட்ச்சாக இருந்தாலும் பெட்டியைப் பிரித்ததும் வயதை வைத்துத்தான் ஸோன் போடும். நீங்கள் மாத்திரை எடுப்பது அதற்குத் தெரியாது. டி.எம்.டி. செய்யும்போது, மாத்திரையோடு எந்தத் துடிப்புவரை பத்திரமாகப் போகலாம் என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். வாட்ச்சில் அந்த எண்ணை நாமே பதிந்துகொள்ளலாம். அதுவரை நடக்கும்போது பேச்சை வைத்து அளவு பாருங்கள்: பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி; இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அதிகம்.

மூன்றாவது விஷயம் சின்னது, ஆனால் வாட்ச் வாங்கும்போது உதவும். ‘ஒரு புதன்கிழமை மாத்திரை போட்டுவிட்டுத்தான் போனேன். மெதுவாக ஓடியும் அரை மணி நேரம் 168-லேயே நின்றது, பயந்துவிட்டேன்’ என்கிறீர்கள். அது அனேகமாக உங்கள் துடிப்பே இல்லை, காலடிகளின் எண்ணிக்கை. வாட்ச்சின் அடியில் மினுங்கும் பச்சை விளக்கு, தோலுக்குக் கீழே ரத்தம் வந்து போவதால் வெளிச்சம் மாறுவதைப் பார்த்துத்தான் துடிப்பைக் கணக்கிடுகிறது. பட்டி தளர்ந்திருந்தால், ஒவ்வொரு அடிக்கும் வாட்ச் குலுங்கும் குலுக்கலையே துடிப்பு என்று எடுத்துக்கொண்டுவிடும். அடுத்த முறை 30 வினாடிக்கு வலது கால் எத்தனை தடவை தரையில் படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். 42 வந்தால், நான்கால் பெருக்க 168. பட்டியை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே ஏற்றி, ஓடும்போது மட்டும் ஒரு துளை இறுக்கிக் கட்டினால் இது பெரும்பாலும் குறையும். முழுக்கத் தீர வேண்டுமானால் நெஞ்சில் கட்டும் பட்டைதான். இதயத்தின் மின்துடிப்பையே அது நேரடியாகப் பிடிக்கிறது. சில ஆயிரம் ரூபாய்தான் ஆகும்.

மனைவி கேட்கும் வாட்ச் எதைத் தரும், எதைத் தராது

உங்கள் மனைவியின் பயம் நியாயமானது. மாமனார் போன விதத்தைப் பார்த்தவர். அதனால் இந்தப் பகுதியை அவரிடம் காட்டுங்கள்.

வாட்ச்சில் இருக்கும் இசிஜி உருவானது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாளம் தப்பிய துடிப்பைப் பிடிக்க. அதை அது நன்றாகவே செய்கிறது. ஆப்பிள் வாட்ச்சை வைத்து அமெரிக்காவில் 4 லட்சத்துக்கும் அதிகமானவர்களிடம் நடந்த ஆய்வு 2019-இல் வெளியானது. அதில் பயன்பட்டது இசிஜி இல்லை, வாட்ச்சின் பச்சை விளக்கு; துடிப்பு சீராக இல்லை என்ற எச்சரிக்கை வந்தவர்கள் சுமார் 0.5 சதவீதம் பேர்தான். பிறகு நெஞ்சில் ஒட்டும் கருவியை அணிந்து பரிசோதித்துக்கொண்டவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு அந்தக் கோளாறு உறுதியானது. பக்கவாதத்துக்கு ஒரு பெரிய காரணம் அந்தக் கோளாறு. வயது 65-ஐத் தாண்டியவர், அவ்வப்போது படபடவென்று வந்து டாக்டரிடம் போவதற்குள் நின்றுவிடும் துடிப்பு உள்ளவர் போன்றவர்களுக்கு நானே அந்த வாட்ச்சைப் பரிந்துரைப்பேன்.

மாரடைப்பு வேறு. அது ரத்தக்குழாய் அடைபடுவதால் வருவது. அந்த நேரத்திலும் துடிப்பு சீராகவே இருக்கலாம். வாட்ச்சும் ‘சீரான துடிப்பு’ என்று காட்டலாம். ஆப்பிளின் இசிஜி செயலியை முதன்முறை அமைக்கும்போதே, இது மாரடைப்பைக் கண்டறியாது என்று திரையில் சொல்லிவிடுகிறது. எல்லோரும் ‘தொடர்க’ என்று அழுத்திவிட்டுப் போய்விடுகிறோம். நெஞ்சு இறுகும்போது வாட்ச்சில் விரலை வைத்து 30 வினாடி காத்திருந்து, சீராக இருக்கிறது என்று பார்த்துவிட்டு மறுபடி ஓட ஆரம்பிப்பதுதான் நான் அஞ்சும் நிலைமை. அப்பாவுக்கு வந்தது உங்களுக்கு வராமல் இருக்க வேண்டும் என்றால் அந்தப் பணத்தில் முதலில் போக வேண்டியது டி.எம்.டி.க்கும் கொலஸ்ட்ரால், சர்க்கரைப் பரிசோதனைக்கும்.

கீழே விழுந்தால் உதவியைக் கூப்பிடும் வசதி உண்மையிலேயே நல்லது. ஆனால் ஆப்பிள் வாட்ச்சில் அது 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான் எப்போதும் தானாக இயங்கும். உங்கள் வயதில் அது இயங்குகிறதா என்று நாமே அமைப்புகளில் போய்ப் பார்த்து, இல்லாவிட்டால் இயக்க வேண்டும். வாட்ச்சில் தனி சிம் இணைப்பு இல்லாவிட்டால் போன் உங்களிடம் இருக்க வேண்டும். கார்மின் போன்ற ஜிபிஎஸ் வாட்ச்சுகளிலும் விழுந்ததை உணரும் வசதி உண்டு. அது ஆம்புலன்ஸைக் கூப்பிடாது. நீங்கள் பதிந்து வைத்த உறவினருக்கு இடத்தோடு செய்தி அனுப்பும். அதற்கும் போன் வேண்டும். ஆக, தனி சிம் உள்ள வாட்ச்சைத் தவிர எதை வாங்கினாலும் போனை இடுப்புப் பையில் வைத்துக்கொண்டுதான் ஓட வேண்டியிருக்கும்.

இன்னொன்று. உங்கள் போன் ஆண்ட்ராய்டு, அதுவும் சாம்சங் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆப்பிள் வாட்ச் ஐபோன் இல்லாமல் வேலைக்கே ஆகாது. சாம்சங் கேலக்ஸி வாட்ச் மற்ற ஆண்ட்ராய்டு போன்களோடு சேரும். ஆனால் அதன் இசிஜி, சாம்சங் போன் இருந்தால்தான் முறைப்படி கிடைக்கும். ஆக, வாட்ச்சுக்காகப் போனையும் மாற்ற வேண்டும். அந்தச் செலவையும் 35 ஆயிரத்துக்குள் அடக்க வேண்டியிருக்கும்.

ஓடுபவருக்கு உண்மையில் எது தேவை

நண்பர்கள் சொல்வதில் பாதி சரி. ஸ்மார்ட்வாட்ச் ஷோவுக்கு மட்டும் என்பதை நான் ஏற்க மாட்டேன். இன்றைய ஆப்பிள், சாம்சங் வாட்ச்சுகளைக் கட்டிக்கொண்டு முழு மாரத்தான் ஓடி முடிக்கிறவர்கள் நிறையப் பேர். தூரமும் வேகமும் ஜிபிஎஸ் வாட்ச்சுக்கு மிக நெருக்கமாகவே வரும். வித்தியாசம் தெரிவது தினசரிப் புழக்கத்தில்.

முதலாவது சார்ஜ். 2024-இல் வந்த ஆப்பிள் வாட்ச் சீரீஸ் 10-க்கு நிறுவனம் சொன்னது 18 மணி நேரம். கார்மின் ஃபோர்ரன்னர் 165-க்குச் சாதாரணப் புழக்கத்தில் 11 நாள், ஜிபிஎஸ் ஓடினால் 19 மணி நேரம். கோரோஸ் பேஸ் 3 ஜிபிஎஸ்ஸோடு 38 மணி நேரம் என்கிறது. உங்கள் வேகத்தில் முழு மாரத்தானுக்கு ஐந்தரை மணி நேரம் என்று வைத்தால், முழுச் சார்ஜோடு கிளம்பிய ஸ்மார்ட்வாட்ச்சும் தாக்குப்பிடிக்கும். ஆனால் விடிகாலை நாலரைக்கு ஷூ கட்டும்போது வாட்ச்சில் 12 சதவீதம் என்று பார்ப்பது வாரத்தில் ஒருமுறையாவது நடக்கும். ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டால் தூக்கத்தின்போது ஓய்வுத் துடிப்பைப் பார்க்க முடியாது. உடம்பு தேறிவிட்டதா என்று அறிய எனக்கு மிகவும் பயன்படும் எண் அதுதான்.

இரண்டாவது பொத்தான். சென்னைப் புழுக்கத்தில் பத்தாவது கிலோமீட்டரில் விரலெல்லாம் வியர்வை. தொடுதிரை ஒன்று கேட்காது, இல்லை தானாகவே ஓட்டத்தை நிறுத்திவிடும். ஐந்து பொத்தான் உள்ள வாட்ச்சில் பார்க்காமலேயே லாப் (ஒவ்வொரு சுற்றின் நேரத்தைப் பதியும் பொத்தான்) அழுத்தலாம். இதைக் கடையில் நின்று பார்த்தால் தெரியாது, ஓடினால்தான் தெரியும்.

ஜிபிஎஸ் துல்லியம் பற்றி மட்டும் உங்கள் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். ‘மீட்டர் சுத்தமாகக் காட்டுமா’ என்று கேட்கிறீர்கள். எந்த வாட்ச்சும் காட்டாது. மெரினா, கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற திறந்தவெளியில் விலை குறைந்த வாட்ச்சே நன்றாக வேலை செய்யும். ஓ.எம்.ஆர். மாதிரி உயரமான கட்டடங்கள் நடுவிலும் மேம்பாலத்துக்கு அடியிலும்தான் செயற்கைக்கோள் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி, நீங்கள் எதிர்ச்சாரியில் ஓடியதாகக் கோடு போடும். எல்1, எல்5 என இரண்டு அலைவரிசைகளையும் பிடிக்கும் வாட்ச்சில் இது குறைவு. பேஸ் 3-இல் அது இருக்கிறது, ஃபோர்ரன்னர் 165-இல் இல்லை. மாரத்தான் பாதையை மிகக் குறுகிய வழியில் அளந்து 42.195 கிலோமீட்டர் என்று நிர்ணயிப்பார்கள். வளைவில் அகலமாகத் திரும்பி, தண்ணீர் மேஜைக்கு ஒதுங்கி ஓடும் நமக்கு வாட்ச் 42.6 காட்டினால் தவறு வாட்ச்சில் இல்லை.

ஏப்ரல், மே வந்ததும் வாட்ச் ‘உங்கள் ஃபிட்னஸ் குறைந்துவிட்டது’ என்று சொல்லும். கலங்காதீர்கள். வெயிலிலும் புழுக்கத்திலும் உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கு ரத்தம் போக வேண்டியிருப்பதால், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். வேகத்தையும் துடிப்பையும் வைத்துக் கணக்குப் போடும் வாட்ச்சுக்கு அது பலவீனமாகத் தெரிகிறது. மாத்திரை அளவு மாறினாலும் அந்த எண் இஷ்டத்துக்கு ஏறி இறங்கும். உங்கள் விஷயத்தில் அதைப் பார்க்காமலே இருப்பது நல்லது.

என் ஆலோசனை

பரிசோதனை முடிந்து மருத்துவர் ஓடலாம் என்று சொன்னால், உங்கள் பட்ஜெட்டுக்குள் வரும் ஆரம்பநிலை ஜிபிஎஸ் வாட்ச் ஒன்றையும் மார்புப் பட்டை ஒன்றையும் வாங்குங்கள். மேல் மாடலுக்குப் போய்ப் பட்டையை விடுவதைவிட, கீழ் மாடலோடு பட்டை சேர்த்து வாங்குவது உங்களுக்கு லாபம். துடிப்புக்கு வரம்பு வைத்து ஓட வேண்டியவருக்கு அந்த எண் சரியாக இருந்தே ஆக வேண்டும். மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டினால் அதிரும்படி வாட்ச்சில் அலர்ட் வைத்துக்கொள்ளலாம்.

பரிசோதனையில் தாளக் கோளாறு ஏதாவது தெரிந்தால் என் பதில் மாறும். அப்போது இசிஜி வாட்ச் செலவுக்குத் தகுந்தது; போன் மாற்றுவதைப் பற்றியும் யோசிக்கலாம். அதனால் முடிவு வருவதற்கு முன்னால் எதையும் வாங்காதீர்கள்.

மச்சானைத் தொந்தரவு செய்ய வேண்டாம். வெளிநாட்டில் வாங்கிய வாட்ச்சுக்குப் பல நிறுவனங்கள் இங்கே வாரன்டி தருவதில்லை. இசிஜி மாதிரியான மருத்துவ வசதிகளுக்கும் நாட்டுக்கு நாடு அனுமதி வேறு. விலையில் மிச்சமாகும் கொஞ்சப் பணத்துக்காக பில்லும் சர்வீஸும் இல்லாமல் நிற்க வேண்டாம்.

மனைவியின் நிம்மதிக்கு வழி இருக்கிறது. தனியாக ஓடாதீர்கள். நீங்கள் ஓடும் இடத்தை அவர் போனில் நேரடியாகப் பார்க்கும்படி பகிருங்கள். உங்கள் ஜிபிஎஸ் வாட்ச்சின் செயலியில் இந்த வசதி இல்லாவிட்டால், கூகுள் மேப்ஸில் செய்யலாம். பெயர், ரத்த வகை, எடுக்கும் மாத்திரை, அவருடைய எண் எழுதிய அட்டை ஒன்று இடுப்புப் பையில் இருக்கட்டும். உங்கள் ஓட்டக் குழுவில் எல்லோரும் சேர்ந்து சிபிஆர் பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது ஒருவர் சுருண்டு விழுந்தால், ஆம்புலன்ஸ் வருவதற்குள் நெஞ்சை அழுத்தத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்பதை வைத்துத்தான் பல நேரம் உயிர் பிழைப்பது அமைகிறது.

இதய மருத்துவரைப் பார்க்கப் போகும்போது நான்கு விஷயங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: மேம்பாலத்தில் இறுக்கம் எப்போது ஆரம்பித்தது, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, எந்தெந்த நாளில் மாத்திரையை விட்டீர்கள், அப்பாவின் வயதும் அவருக்கு நடந்ததும். மாத்திரை விட்டதை மறைக்க வேண்டாம், அவர் திட்டினாலும் பரவாயில்லை. ஜனவரி மாரத்தானுக்கு இன்னும் பணம் கட்டவில்லை என்றால், டி.எம்.டி. ரிப்போர்ட் கையில் வரும்வரை கட்டாதீர்கள். கட்டியிருந்தால், அந்தப் பணத்துக்காக ஓட வேண்டாம்.